அமானிதப் பெட்டி

ஜனவரி 1, புதன்

புது டைரி. மருமகன் ஹாங்காங்கிலிருந்து அனுப்பியது. அட்டை நன்றாக இருக்கிறது. உள்ளே கோடு போடத்தான் மறந்துவிட்டார்கள். கோடு இருக்கிறது என்கிறாள் மகள் ஜைனப். இருந்தால் எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் இத்தனை வருடம் பிள்ளைகளின் கோணல் எழுத்தைத் திருத்திய கண் இது. கொஞ்சம் பெரிதாக எழுதிக்கொள்கிறேன். தாளுக்கா பஞ்சம்?

இந்த வருடமும் என் இரும்புப் பெட்டி நிறைந்திருக்கிறது. சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. வாப்பா கொழும்புக் கடையை மூடியபோது கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த பெட்டி. ஆறு பேர் சேர்ந்தாலும் அசையாது. எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வெளிநாட்டில். பெண்களும் சென்னைக்கும் ரியாத்துக்கும் போய் வந்துகொண்டே இருப்பார்கள். வீட்டைப் பூட்டும் முன் நகையைத் துணியில் முடிந்து, தெருவுக்கே அக்காவான என்னிடம் கொண்டுவந்து, "அமானிதம், லாத்தா" என்று கொடுப்பார்கள். நம்பி ஒப்படைத்த பொருள். அந்தச் சொல்லைச் சொல்லி வாங்கியபின் அது நெருப்பு மாதிரி.

என் முறை இதுதான். உள்ளே என்ன என்று கேட்கமாட்டேன். பேர் எழுதி ஒட்டமாட்டேன். அது திருடனுக்கு வழி சொல்லிக் கொடுப்பது. திருப்பிக் கொடுக்கும்போது உள்ளறைக்கு நான் மட்டும் போவேன். எடுத்து மஞ்சப்பையில் போட்டுக் கொடுப்பேன், தெருவில் யார் கண்ணிலும் படாது. வாங்குகிறவர்களும் என் முன்னால் பையைத் திறந்து பார்க்க மாட்டார்கள். பார்த்தால் என்னைத் தராசில் ஏற்றியது போல் ஆகிவிடும். இன்றுவரை ஒருத்தி பார்த்ததில்லை.

பஜாரில் பேங்க் இருக்கிறதுதான். லாக்கர் கேட்டால் காத்திருக்கச் சொல்கிறார்கள். எங்கள் நிக்காஹ் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்கு அவர்கள் கதவில் பூட்டு. அதுபோக, எந்த லாக்கராவது வந்தவளை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுக்குமா?

ஜனவரி 4, சனி

மழை ஓய்ந்தது. பெட்டிக்குள் ஈரவாடை. எல்லா மூட்டைகளையும் எடுத்து வெளியே வைத்து, உள்ளே துடைத்து, பாச்சை உருண்டை போட்டு, திரும்ப அடுக்கினேன். ஜைனப் உதவிக்கு வருகிறேன் என்றாள். விடவில்லை. பெற்ற மகளாக இருந்தாலும் பெட்டி திறந்திருக்கும்போது அந்த அறையில் வேறு ஆள் கிடையாது.

உள்ளறை பல்பு சுத்த மோசம். உம்முசல்மாவின் மூட்டையும் நூர்நிஷாவின் மூட்டையும் ஒரே கல்யாணத்தில் கிடைத்த ஜாக்கெட் துணியில் கட்டியவை. உம்முசல்மாவுடையது பச்சை, நூர்நிஷாவுடையது நீலம். இரண்டும் ஒரே அளவு. அந்த வெளிச்சத்தில் சற்று நேரம் பிடித்தது. ஆனாலும் கையில் எடுத்தால் எனக்குத் தெரியாமல் போகுமா? நூர்நிஷாவுடையதை வலப்பக்கம் வைத்தேன், உம்முசல்மாவுடையதை இடப்பக்கம்.

ஜனவரி 6, திங்கள்

ஊசியின் காதை இப்போதெல்லாம் ரொம்பச் சின்னதாகச் செய்கிறார்கள். ஜைனப் நூல் கோத்துக் கொடுத்தாள். வேறு விசேஷம் இல்லை.

ஜனவரி 9, வியாழன்

நூர்நிஷா வந்தாள். எதிர்வீட்டுக்காரி, சென்னையில் பிளாட் வாங்கிக் குடிபோய்விட்டாள். ஊருக்கு வந்தால் இரண்டு நாள் தங்குவாள். முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"லாத்தா, தப்பா நெனைக்காதிய. அங்க வீட்டுக்குப் பக்கத்துலயே பேங்க்ல லாக்கர் குடுத்துட்டாஹ. அதான் நகைய எடுத்துட்டுப் போலாம்னு."

"உன் நகை, உன் இஷ்டம். இதுல தப்பா நெனைக்க என்ன இருக்கு?" என்றேன். சுருக்கென்றுதான் இருந்தது. என் பெட்டியைவிட எந்த பேங்க் உசத்தியாகிவிட்டது?

உள்ளே போய் எடுத்தேன். நீலம்தான். ஒரு கணம் பச்சையோ என்று தோன்றியது. அந்த பல்பு அப்படி. வலப்பக்கம் இருந்ததால் சந்தேகத்துக்கு இடமில்லை. மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தேன். அவள் பைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்கால ரயிலில் போய்விட்டாள்.

ஜனவரி 10, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து உம்முசல்மா வந்தாள். பக்கத்து வீடு. அவள் மகள் ஆபிதாவுக்கு நாளை மறுநாள் நிக்காஹ். ஆபிதா என்னிடம் படித்தவள். கெட்டிக்காரி, கையெழுத்துதான் கோழி கிளறியது.

மூட்டையைக் கொடுக்கும்போது என் மனசு நிறைந்திருந்தது. உம்முசல்மாவின் வீட்டுக்காரருக்கு ரியாத்தில் சமையல் வேலை. அவர் அங்கே அடுப்பில் வெந்தது இங்கே நகையாக வந்தது. ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒரு பொட்டுத் தங்கமாகச் சேர்த்து, சேர்த்ததும் என்னிடம் கொண்டுவந்து வைப்பாள். வாங்கிப்போய், பெரிதாக்கித் திரும்பக் கொண்டுவருவாள். அது முழுக்க என் பெட்டியில் வளர்ந்த நகை.

"மாப்புள வீட்டுல வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கல லாத்தா. ஆனா அன்னைக்குப் பொம்பளையள் எல்லாம் புள்ள கழுத்தத்தான் பாப்பாஹ" என்றாள்.

"பார்க்கட்டும். கண்குளிரப் பார்க்கட்டும்" என்றேன். பையை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

ஜனவரி 11, சனி

காலையில் உம்முசல்மா வாசலில் வந்து நின்றாள். தலை வாரவில்லை, முகம் வெளுத்திருந்தது. கல்யாண வேலை ஆளைத் தின்கிறது. உள்ளே வா என்றால் வரமாட்டேன் என்கிறாள்.

"நூர்நிஷாவோட சென்னை நம்பர் இருக்கா லாத்தா?"

"எதுக்கு?"

"அவளுக்கு ஒழுங்கா அழைப்புச் சொல்லல. அதான்."

விடிந்தால் கல்யாணம், இப்போது அழைப்பு! ஜைனப்தான் நம்பரைத் தேடிக் கொடுத்து அவளோடு போனாள். போனவள் மத்தியானம்தான் வந்தாள். வந்ததும் தையல் டப்பாவிலிருந்து இரண்டு நூல்கண்டை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"உம்மா, இது என்ன கலரு?"

"சாம்பல். ஒரே கலரில் எதுக்கு ரெண்டு வாங்கினே? காசு என்ன மரத்திலயா காய்க்குது?"

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். ரொம்ப நேரம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கழுவப் பாத்திரமே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஹாங்காங்கில் இருக்கிற புருஷன் நினைவு வந்துவிட்டது போலிருக்கிறது. கேட்கவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

ஆபிதாவின் நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த வீட்டு நிர்வாகத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பத்து மணிக்கு நான் போகிறேன், பெண்ணுக்குப் பட்டுக் கட்டியாயிற்று, தலையில் பூ வைத்தாயிற்று, கழுத்தில் ஒரு மணி கிடையாது. வெறுங்கழுத்தோடு அறைக்குள் உட்கார்ந்திருக்கிறாள்.

"நகையப் போட்டு விட்டா என்ன? மாப்புள உம்மா கருகமணி கட்ட வர்ற நேரம் ஆச்சு" என்று உம்முசல்மாவைக் கடிந்துகொண்டேன்.

"போடலாம் லாத்தா. கசகசன்னு இருக்குமேன்னு பார்த்தேன்" என்று சிரித்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஜனவரி மாதத்தில் என்ன கசகசப்பு? வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். ஜைனப் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. நான் ஒருத்திதான் நிதானமாக இருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா, தடித்த கண்ணாடிக்காரர், "பொண்ணப் பார்க்கலாமா?" என்று எழுந்தார். நல்லவேளை, நான் பக்கத்தில் இருந்தேன். கையைப் பிடித்து உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தேன். பேச்சு எப்படியோ என் பெட்டிக்கு வந்தது. கொழும்பிலிருந்து கப்பலில் வந்ததைச் சொன்னேன். இந்தத் தெருவுக்கே காவல் அதுதான் என்றேன். குன்றிமணி அளவு குறைந்ததில்லை, மாறியதில்லை, உங்கள் மருமகள் போடப்போகிற நகையும் அங்கிருந்து வந்ததுதான் என்றேன். அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஜைனப் பக்கத்தில் நின்று, "போதும் உம்மா" என்றாள். ஏன் போதும்? உள்ளதைத்தானே சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில் கொல்லைப்புற வழியாக நூர்நிஷா வந்து நின்றாளே, பார்க்கவேண்டும். கசங்கிய புர்கா, முகமெல்லாம் தூசி, கக்கத்தில் ஒரு மஞ்சப்பை. கல்யாணத்துக்கு வருகிறவள் கொண்டுவரும் பையா அது?

"பொங்கல் கூட்டம் லாத்தா. ரயில்ல டிக்கெட்டே இல்ல. பஸ்ஸுல படிக்கட்டுல உக்காந்து வந்தேன். மதுரையில ஒரே நெரிசல்" என்றாள்.

"ஒரு வேளை பிரியாணிக்கா இந்தப் பாடு?"

அவள் சிரித்தாள். உம்முசல்மா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். கல்யாண வீட்டில் அழக் காரணமா வேண்டும்? இரண்டு பேரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கதவு திறந்தபோது ஆபிதா கழுத்து நிறைய, கை நிறைய நகையோடு உட்கார்ந்திருந்தாள். நான் பெரியம்மாவைப் பார்த்து, "இப்போ பாருங்க" என்றேன். ஏதோ என் சொந்த மகளை ஜோடித்து வைத்ததுபோல் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜனவரி 13, திங்கள்

இரண்டு பேரும் மூட்டையைத் திரும்ப என்னிடமே கொண்டுவந்து விட்டார்கள். கல்யாண வீடு, ஆள் வந்து போகிற இடம் என்றாள் உம்முசல்மா. நூர்நிஷா, "பேங்க் லாக்கர் வேண்டாம்னு விட்டுட்டேன் லாத்தா, இங்கயே இருக்கட்டும்" என்றாள். நான் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே போய், வைக்கவேண்டிய பக்கம் வைத்துவிட்டு, ஒரு தரம் பெட்டியைத் தட்டிக்கொடுத்தேன்.

ஜனவரி 20, திங்கள்

ஜைனப்புக்குத் தலைவலியாம், கண் டாக்டரைப் பார்க்கவேண்டுமாம். துணைக்குத் திருநெல்வேலிக்குப் போனேன். டாக்டர் சின்னப் பெண். இவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு என்னை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டதாம். "இவ்வளவு நாள் எப்படிம்மா சமாளிச்சீங்க?" என்றாள். என்ன சமாளித்தேன்? நன்றாகத்தானே இருக்கிறேன்.

பஸ்ஸில் ஜைனப் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். அவளுக்காக ஆபரேஷனுக்குச் சரி என்றேன். எனக்காக இல்லை.

ஜனவரி 27, திங்கள்

வலது கண் ஆபரேஷன். வலி இல்லை. சொல்லச் சொல்ல ஜைனப் எழுதுகிறாள். அவள் எழுத்தும் சுமார்தான்.

ஜனவரி 29, புதன்

டைரியில் கோடு இருக்கிறது.

பிப்ரவரி 3, திங்கள்

குனியக்கூடாது என்றார்கள். ஒரு வாரம் பொறுத்தேன். இன்று ஜைனப் மீன் வாங்கப் போனதும் உள்ளறைக்குப் போனேன். வெளிச்சம் கண்ணில் அறைந்தது. பல்பு மாற்றவில்லையாம். அதே பல்பு.

பெட்டியைத் திறந்தேன். இடப்பக்கம், உம்முசல்மாவின் இடத்தில், நீல மூட்டை. கடல் நீலம். குழந்தைகூடச் சொல்லிவிடும். வலப்பக்கம் பச்சை.

முதலில் யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று கோபம் வந்தது. சாவி என் இடுப்பில். யார் மாற்றுவது? நானேதான் மாற்றி வைத்திருக்கிறேன், இது முதல் தடவையாகவும் இருக்காது. அன்றைக்கு நூர்நிஷாவின் கையில் கொடுத்தது பச்சை. உம்முசல்மா அணைத்துக்கொண்டு போனது நீலம். வெறுங்கழுத்து, சிவந்த கண், படிக்கட்டில் உட்கார்ந்து வந்தவளின் மஞ்சப்பை, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. நான் பெரியம்மாவிடம் என் பெட்டியின் பெருமையை அளந்துகொண்டிருந்த நேரத்தில் ஆபிதாவின் நகை மதுரை நெரிசலில் நின்றிருக்கிறது. அந்தப் பஸ் இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால், பையை எவனாவது பிடுங்கியிருந்தால்?

பெட்டியைப் பூட்டிவிட்டு நேராக உம்முசல்மா வீட்டுக்குப் போனேன். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நான் உனக்கு எதக் குடுத்தேன்?"

நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தாள். பொய் எடுபடாது என்று தெரிந்துகொண்டாள். "மாறிடுச்சு லாத்தா. அதுக்கு இப்ப என்ன? நகை வந்துச்சு, நிக்காஹ் முடிஞ்சுச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல? நான் என்ன பச்சப்புள்ளயா? ஊரே சேர்ந்து என்ன ஏமாத்தினியளா?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே பெட்டியப் பூட்டி சாவியக் கடல்ல வீசியிருப்பிய. அப்புறம் நாங்க எங்க கொண்டுபோயி வைக்க?"

அவள் சொன்னது சரி. அதைத்தான் செய்திருப்பேன்.

"அவ மூட்டைய அவுத்தியே, உள்ள என்ன இருந்துச்சு?"

"மேல ஒரு வளையல். நம்மளது இல்லன்னு தெரிஞ்சதும் அப்படியே முடிஞ்சுட்டேன். கீழ என்ன இருந்துச்சுன்னு தெரியாது லாத்தா, அல்லாஹ் மேல சத்தியமா."

"நூர்நிஷா?"

"அவ அவுக்கவே இல்ல. வெள்ளிக்கிழமை ரயில் அலுப்புல தூங்கிட்டாளாம், சனிக்கிழமை பேங்க் லீவு, பை அலமாரியில அப்படியே இருந்திருக்கு. போன்ல சொன்னதும், 'அழாத, நானே கொண்டாறேன்'னா. வந்து எங்கிட்டக் குடுத்துட்டு, அவளோடத நான் நீட்டினதும் பாக்காம வாங்கி மடியில வச்சுக்கிட்டு சாப்புடப் போயிட்டா."

வெங்காயக் காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆபரேஷன் செய்த கண்ணைத் துடைக்கக்கூடாது என்று அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

பிப்ரவரி 6, வியாழன்

பெண்கள் தைக்காவில் தொழுகை முடிந்ததும் எழுந்து நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் கிசுகிசுப்பதைவிட நானே சொல்லிவிடுவது என் மரியாதைக்கு நல்லது. கண் புரையையும் மூட்டை மாறியதையும் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னேன்.

"இனி என் பெட்டிய நம்ப வேண்டாம். சனிக்கிழமை எல்லாரும் வந்து அவங்கவங்க பொருள எடுத்துக்குங்க. வாங்கும்போது என் முன்னால அவுத்து, சரியா இருக்கான்னு பாத்துட்டுப் போங்க" என்றேன்.



பிப்ரவரி 8, சனி

காலையிலேயே உள்ளறைக் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். மஞ்சப்பைகளைத் துவைத்து மடித்து வைத்திருந்தேன். ஜைனப் தேத்தண்ணி போட்டு வைத்தாள், ஆறியது. திரும்பப் போட்டாள், அதுவும் ஆறியது. மத்தியானம் லுஹர் தொழுகை நேரம் ஆயிற்று. ஒருத்தி வரவில்லை. உம்முசல்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே என்னை எட்டிப் பார்த்தாள். நான் கையைக் காட்டி வா என்றதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

சாயங்காலம், அஸர் தொழுகைக்குப் பிறகு வாசலில் செருப்புச் சத்தம். தெரியாத முகம். கீழத்தெருவாம், பேர் ஹாஜரா. மலேசியாவில் மகள் பிரசவத்துக்குப் போகிறாளாம், வர நாலைந்து மாதம் ஆகுமாம். கையில் ஒரு மூட்டை.

"அமானிதம், லாத்தா" என்று நீட்டினாள்.

"நீ ஒண்ணும் கேள்விப்படலியா? இங்க நகை மாறிப்போச்சும்மா."

"அதக் கேள்விப்பட்டுத்தான் வந்தேன். மாறிப்போன நகை எண்ணாம, பாக்காம, படிக்கட்டுல உக்காந்து திரும்பி வந்துச்சாமே. எங்க தெருவுல மாறாத நகையே திரும்பி வரல லாத்தா. வைக்கிறதுன்னா உங்க தெருவுலதான் வைக்கணும்."

இத்தனை வருடமும் இரும்பைத்தான் மெச்சிக்கொண்டிருந்தேன். காவல் காத்தது அது இல்லை. என் தெருப் பெண்களை நினைத்து எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, என் பெட்டியை நினைத்து ஒருநாளும் அவ்வளவு வந்ததில்லை. அவள் எதிரிலேயே அழுதேன்.

ஆனாலும் நிபந்தனையை விடவில்லை. திரும்ப வாங்கும்போது என் முன்னால் அவிழ்த்துப் பார்த்தே ஆகவேண்டும் என்றேன்.

"அவுத்துப் பாக்குறதுன்னா பேங்க்குக்கே போயிருப்பேனே" என்றாள் அவள்.

முடியாது என்றேன். நெடுநேரம் வழக்காடினோம். அவள் சரி என்று சொன்ன பிறகுதான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேன். பெட்டியில் இடமில்லை. நாளைக்கு வெல்டிங் பட்டறைக்கு ஆளனுப்பி இன்னொரு தட்டு அடிக்கச் சொல்லவேண்டும்.